ஒயில் குடிக்காத கார்

சிவப்புக் காரின் முன்மூடியைத் திறந்து, ஒயில் பார்க்கும் கம்பியை உருவி, வெள்ளைக் கைலேஞ்சியால் துடைத்தார் கார் பார்க்க வந்தவர். மறுபடி செருகினார், மறுபடி உருவினார், வெயிலுக்குப் பிடித்து முகர்ந்தும் பார்த்தார். சிறாஜின் கண் கோழிக்கூட்டுப் பக்கம் ஓடியது.

ஓடாமல் என்ன செய்யும்? அந்தக் கார் ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஒயிலைச் சத்தமில்லாமல் குடித்துவிடும். காலையில் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடுதான் கம்பியின் மேல்கோடு வரை ஊற்றிவிட்டு, வெறும் போத்தலைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்திருந்தான்.

வெள்ளிக்கிழமைக்கு முன் காரை விற்றாக வேண்டும். அன்றைக்கு ஜும்ஆ முடிந்ததும் பெண்ணின் வாப்பா முதல்முதலாக மாப்பிள்ளை பார்க்கப் புதுக்குடியிருப்புக்கு வருகிறார். “ரெண்டு பேர் மட்டும் ஏறுற ஸ்போர்ட்ஸ் காரை வீட்டு முத்தத்தில கண்டாரெண்டா, ஊதாரி எண்டு திரும்பிப் போயிடுவார். வித்துப்போட்டு ஒரு வான் எடு” என்று கல்யாணத் தரகர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அந்தப் பெண் றுமானாவின் படம் போனில் வந்த நாளிலிருந்து சிறாஜுக்குச் சோறு இறங்கவில்லை. கார் போனால் போகட்டும், றுமானா கைவிட்டுப் போகக் கூடாது. இன்று செவ்வாய், பேஸ்புக்கில் போட்ட விளம்பரத்துக்கு வந்த ஒரே ஆள் இவர்தான்.

“ஸ்போர்ட்ஸ் கார் எண்டா கொஞ்சம் ஒயில் குடிக்கும், தம்பி. அது குற்றமில்லை. எவ்வளவு எண்டதுதான் கேள்வி” என்றார் வந்தவர்.

“இது ஒரு சொட்டும் குடியாது, காக்கா” என்றான் சிறாஜ், அண்ணனை அழைக்கும் மரியாதையோடு.

“அதெப்பிடி? பரந்தன் றோட்டில மிதிச்சு ஓடினா எந்த எஞ்சினும் குடிக்கும். நீர் ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடுவீர்?”

உண்மையில் நூற்றைம்பது கிலோமீற்றர். விடியமுன் போன் சார்ஜரும் கவருமாகக் காரை நிறைத்துக்கொண்டு புறப்பட்டால், முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சி வரை கடை கடையாகப் போட்டுவிட்டுத்தான் திரும்புவான். அந்தக் காரே அப்படி உழைத்து வாங்கியதுதான். ஆனால் அதைச் சொன்னால் எஞ்சின் தேய்ந்த கதையும் சேர்ந்தல்லவா வெளியில் வரும்?

“நான் எங்க, காக்கா, ஓடுறது? பத்து மணிக்கு முதல் நான் எழும்புறதே இல்லை.”

“அப்ப தொழில்?”

“அப்பிடிச் சொல்ல ஒண்டும் இல்லை. சும்மாதான் வீட்டில கிடக்கிறன்.”

வந்தவர் துடைப்பதை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். நம்பவில்லையோ என்று சிறாஜ் பயந்துபோனான்.

“மீற்றர் லட்சத்து நாற்பதாயிரம் காட்டுது?”

“அதெல்லாம் எனக்கு வித்த கொழும்புக்காரன் ஓடினது. நான் பெருநாளுக்குப் பெருநாள்தான் ஸ்டார்ட் பண்ணுறனான்.”

“பள்ளிக்காவது கொண்டு போறதில்லையோ?”

“நான் வெள்ளிக்கிழமையில மட்டும்தான் பள்ளிக்குப் போறனான். அதுவும் நித்திரை முறிஞ்சாத்தான்.”

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய்யலாம் என்பார்கள். சிறாஜ் நாலைந்து பொய்யிலேயே காரியத்தை முடித்துவிடப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்துக் குசினியிலிருந்து தேத்தண்ணியோடு வந்தார் அவன் தாய் ஹவ்வா உம்மா. “இவன் சுபஹுக்கே எழும்பி…” என்று பெருமையாகத் தொடங்கினார்.

“சுபஹுக்கு எழும்புறது உம்மாதான், காக்கா, நானில்லை!” என்று சிறாஜ் பாய்ந்து விழுந்தான். “நீங்க உள்ளுக்குப் போங்கோ உம்மா.”

வந்தவர் விடுவதாக இல்லை. “உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறது இதிலதானே?”

“சீச்சீ! உம்மா பஸ்ஸில போவா. நிண்டுகொண்டு போய்ப் பழகிட்டா.”

மாதா மாதம் கிளினிக்குக்கு முன்சீற்றில் ராணிபோலப் போய் வருகிற ஹவ்வா உம்மா, மகனுக்கு மூளை பிசகிவிட்டது என்றே முடிவு கட்டினார். கோப்பையை மதிலில் வைத்துவிட்டுக் குசினிக்குத் திரும்பினார். பெற்ற வயிறு எரியாமல் இருக்குமா?

வந்தவர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, லேஞ்சியின் மறுபக்கத்தைப் புகைக்குழாயில் பிடித்தார். ஒயில் குடிக்கிற எஞ்சின் என்றால் நீலப் புகை கக்கும், துணியில் கறை விழும். என்ன அதிர்ஷ்டமோ, துணி வெள்ளையாகவே வந்தது.

“நீர் சொன்னது சரிதான். இது மிதிபடாத எஞ்சின்.”

“அப்ப நான் சொன்னதை நம்புறியளோ, காக்கா?”

“ஒரு சொல்லு விடாம நம்புறன்.”

சிறாஜுக்குத் தலைகால் புரியவில்லை. முற்றத்தில் புது வான், அதில் றுமானா என்று மனம் எங்கேயோ பறந்துவிட்டது. மனிதர் இன்னும் விலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதே அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“அப்ப கதையை முடிப்பமோ, காக்கா? கார் பிடிச்சிருக்குத்தானே?”

வந்தவர் லேஞ்சியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வாசல் படலை வரை நடந்தவர், நின்று திரும்பினார்.

“கார் திறம், தம்பி. மாப்பிளைதான் சரிவராது.”