கம்பளிப்பூச்சியின் பெயர் கொண்ட சால்வை

மழை விட்டதும் வீட்டுக்காரி தீப்பந்தத்தோடு முருங்கை மரத்தடிக்கு வந்தாள். அடிமரத்தில் அப்பிக் கிடந்த கம்பளிப்பூச்சிகள் பொரிந்து விழுந்தன. ஒன்று மட்டும் தப்பி, பக்கத்துத் துணிக்கொடியில் அப்போதுதான் காயப்போட்ட பழுப்புச் சால்வைக்குள் நுழைந்தது.

“யாரது?” என்றது சால்வை.

“சத்தம் போடாதீங்க. என் கூட்டமே எரியுது.”

சால்வை தன் மெத்தென்ற இழைகளால் அதை மூடியது. “பயப்படாத. நீ எனக்குச் சொந்தம்தான். என் பேரு ஷெனில். பிரான்ஸ் பக்கம் கம்பளிப்பூச்சிக்கு அதுதான் பேரு. உன்னை மாதிரியே புசுபுசுன்னு இருக்கேன்னு எனக்கும் அதையே வச்சாங்க. இந்த அம்மா என்னைக் கன்னத்துல ஒத்திக்காத நாளே இல்ல.”

“அப்ப என்னையும் விட்டுடுவாங்களா?”

சால்வை பதில் சொல்வதற்குள் அவள் அதை எடுக்கக் கை நீட்டினாள். விரலில் சுருக்கென்று ரோமம் குத்தியது. கையை உதறிக்கொண்டு, அணையாத பந்தத்தோடு குனிந்து தேடினாள். பழுப்புக்குள் பழுப்பு, எது பூச்சி, எது இழை என்று தெரியவில்லை.

“நம்ம பேரைச் சொல்லுங்க,” என்று நடுங்கியது கம்பளிப்பூச்சி.

அனல் சால்வையின் ஓரத்தைத் தொட்டது. ஒரே உதறலில் பூச்சியைக் கீழே தள்ளிவிட்டுச் சால்வை சொன்னது:

“நான் வெறும் நூலும்மா. இது யாருன்னே எனக்குத் தெரியாது.”