பதினோரு ஆட்டத்துச் சாக்ஸ்

பேஸ்பால் வீரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு மாதமாகியும் வெர்னன் அந்தச் சாக்ஸைக் கழற்றவில்லை.

"பதினோரு ஆட்டம் தொடர்ந்து ஜெயிச்சிருக்கோம், லொரெய்ன். நடுவுல துவைச்சா ராசி போயிடும்."

"எனக்கு நாத்தம் தாங்கல. இன்னைக்குக் கழட்டலன்னா எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்." அவர் மனைவி நிஜமாகவே பெட்டி கட்டியிருந்தாள்.

அப்போதுதான் டிவியில் அறிவித்தார்கள். பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது, இந்த ஆண்டு இனி ஆட்டம் கிடையாது, கோப்பைக்கான வேர்ல்ட் சீரிஸ் இறுதிப் போட்டியும் கிடையாது.

வெர்னன் கலங்கிய கண்களோடு சாக்ஸைக் கழற்றினார். "கோப்பை கைக்கெட்டுற தூரத்துல இருந்துச்சு. ஸ்டிரைக் பண்றதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டானுங்களா?"

லொரெய்ன் இடுக்கியால் சாக்ஸைத் தூக்கினாள்.

"சோபாவுல உக்காந்து மேட்ச் பாக்குற தபால்காரனை எதுக்குய்யா கேக்கணும்?"