மெல்கெரின் தீவு

“அவன் ரூம் போன வெள்ளிக்கிழமையிலேர்ந்து காலியா கிடக்கும்மா. போர்வை கட்டில்ல அப்படியே சுருண்டு கிடக்கு. எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்கலை.”

தொலைபேசியில் பொந்துஸ் என்ற வாடிக்கையாளரின் குரல் நடுங்கியது. துவா கையிலிருந்த ஏலக்காய் பன்னைத் தட்டில் வைத்துவிட்டாள்.

ஷெவ்தெ நகரத்தில் மூன்றே பேர் நடத்தும் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனியில் அவளுக்கு வேலை. தீவு ஒன்றில் ஊர் கட்டும் விளையாட்டை வெளியிட்டு நாலு வருடம் ஆகிறது. புரோகிராம் எழுதுவதும் துவாதான், வாடிக்கையாளர் புகார் கேட்பதும் துவாதான்.

“பையனுக்கு என்ன வயசு?”

“மே மாசம் வந்தா பதினாலு. மெல்கெர்னு பேரு. மூணு வருஷமா உங்க விளையாட்டுல ஒரு தீவைக் கட்டிக்கிட்டிருந்தான்.”

துவாவுக்கு அந்தப் பெயர் தெரியும். போன வருடம் தன் தீவைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். நானூறு வீடுகள், மலையைச் சுற்றி ஏறும் டிராம், ஒவ்வொரு படகுக்கும் ஒரு பெயர். அவளே அதை அச்செடுத்து காபி இயந்திரத்துக்கு மேலே ஒட்டியிருந்தாள்.

“என்ன சொல்றதுன்னே தெரியலை, பொந்துஸ்...”

“ஒண்ணும் சொல்ல வேணாம். அவன் சேமிச்சு வச்சது எந்த இடத்துல இருக்குன்னு மட்டும் சொல்லு. வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு அது வேணும்.”

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் அஞ்சலிக் கூட்டமாக இருக்கும் என்று துவா நினைத்துக்கொண்டாள். கேட்க மனம் வரவில்லை. இடத்தைச் சொன்னாள்.

மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, மேசையை ஓங்கி அறையும் சத்தம்.

“எனக்கு அனுமதி இல்லையாம்! என் வீட்டுல, நான் வாங்கின கம்ப்யூட்டர்ல, எனக்கு அனுமதி இல்லையாம்!”

துவா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பூட்டு அவள் போட்டது.

விளையாட்டு வெளிவரும் முன்பு இதற்காகவே முதலாளி ஸ்தெல்லனோடு ஒரு மாதம் மல்லுக்கட்டியிருந்தாள். எல்லோருடைய ஆட்டத்தையும் ஒரே பொது இடத்தில் போட்டுவிடலாம், வேலை மிச்சம் என்றான் அவன். “ஒரே கம்ப்யூட்டர்ல வீட்டுல இருக்கிற அத்தனை பேரும் ஆடுவாங்க. ஒருத்தன் கட்டினதுல இன்னொருத்தன் கை வைக்கக் கூடாது. அவனவன் கணக்குக்குள்ள, அவனவன் பூட்டுக்குள்ளதான் இருக்கணும்” என்று ஒற்றைக்காலில் நின்று ஜெயித்தவள் துவா.

எதிர் மேசையிலிருந்து ஸ்தெல்லன், என்ன என்பதுபோலக் கையை அசைத்தான்.

அவள் ரிசீவரைப் பொத்திக்கொண்டாள். “மெல்கெர் செத்துட்டான் போலிருக்கு. லைன்ல அவங்க அப்பா. தீவைத் தேடறாரு, திறக்க மாட்டேங்குது.”

ஸ்தெல்லன் திரும்பிச் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தான். “நல்லா இருக்கு போ. உன் பூட்டு பெத்த அப்பனையே வாசல்ல நிறுத்தி வச்சிருக்கு.”

அவளுக்குச் சுருக்கென்றது. ஒருவர் ஆட்டத்தை இன்னொருவர் திறக்க வழி சொல்லித் தருவதில்லை என்பது அவளே வைத்த விதி. அதைத் தூக்கி எறிந்தாள்.

“பொந்துஸ், நான் சொல்றபடி செய்யுங்க. கம்ப்யூட்டரோட நிர்வாகி பாஸ்வேர்டு உங்ககிட்ட இருக்கா?”

“இருக்கு.”

“அதை வச்சு உள்ள போங்க. அந்த ஃபோல்டருக்கு உரிமையாளர் யாருன்னு ஒரு கட்டம் வரும். அதுல மெல்கெர்னு இருக்கும்.”

“ஆமா, இருக்கு.”

“அதை எடுத்துட்டு...” துவா காபி இயந்திரத்துக்கு மேலிருந்த படத்தைப் பார்த்தாள். “அதை எடுத்துட்டு உங்க பேரைப் போடுங்க.”

மறுபடியும் விசைகளின் சத்தம். “போட்டுட்டேன். திறந்துடுச்சு! ஒரே ஒரு ஃபைல்தானா?”

“ஒண்ணுதான். மூணு வருஷமும் அதுக்குள்ளதான் இருக்கு.”

“வேற எங்கயும் நகல் கிடையாதே? இன்டர்நெட்ல, உங்ககிட்ட, எங்கயும்?”

“எங்கயும் கிடையாது. அதான் சொல்றேன், முதல்ல அதை ஒரு பென் டிரைவ்ல போட்டு வச்சுக்கங்க.”

மறுமுனையில் மவுஸைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. துவா காத்திருந்தாள். ஸ்தெல்லன் எழுந்து வந்து, ஆறிப்போயிருந்த அவள் காபியை எடுத்துக்கொண்டு புதிதாக ஒரு கோப்பையை வைத்துவிட்டுப் போனான். ஒரு தகப்பனுக்கு இதையாவது செய்ய முடிந்ததே என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அழிச்சாச்சு” என்றார் பொந்துஸ். குரலில் இப்போது நடுக்கம் இல்லை.

“என்னது?”

“என்னை விட்டுட்டு அவன் அம்மாகூடவே இருந்துக்கறேன்னு கிளம்பிப் போனான்ல? வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரை எடுத்துட்டுப் போக வருவான், பார்த்துக்கட்டும்.”