சத்தமில்லாத பெட்டி

"ப்பா, இதையே எடுங்கப்பா! ப்ளீஸ் லா!"

கிள்ளானில் அந்த கேம்பிங் சாமான் கடையின் பின்பக்கம் ஜெனரேட்டர் 'டட்டட்டட்டட்'டென்று துள்ளிக்கொண்டிருந்தது. அதைவிட அதிகமாய்த் துள்ளிக்கொண்டிருந்தாள் ஷாமினி.

துள்ளாமல் என்ன செய்வாள்? நாளைக்கு மோரிப் கடற்கரையில் முதல் கேம்பிங்! அப்பா விமலன் ஒரு வருஷமாய் உட்கார்ந்து, பழைய வேனுக்குள் கட்டில், அடுப்பு, சிங்க் எல்லாம் வைத்து அதை வீடாகவே ஆக்கிவிட்டார். பாக்கி கரண்ட் மட்டும்தான். பிரிக்பீல்ட்ஸிலிருந்து சொந்தக்காரர்கள் இரண்டு வேனில் வருகிறார்கள். சாயங்காலம் மணலில் ஷாமினியின் மிமிக்ரி ஷோ. பெரிய ஸ்பீக்கர், மைக், கலர் லைட்டு!

இந்த ஜெனரேட்டர் இருந்தால் அத்தனையும் ஓடும்.

விமலன் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வேணாம். சத்தம் ஜாஸ்தி."

அம்மா தனலெட்சுமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "யாரு சொல்றதுன்னு பாரு! ஜெஞ்சாரோம் எண்ணெய் மில்லுல இருபத்திரண்டு வருஷம் மெஷின் பக்கத்துலயே நின்ன ஆளு. தீபாவளிக்கு வாசல்ல சரவெடி வெடிச்சாலும் கொறட்டை நிக்காது. இவருக்கு சத்தமாம்!"

"சைலண்ட் டைப் ஒண்ணு இருக்கு அங்கிள்," என்றான் கடைக்காரன் பாசில், ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரை அணைத்தபடி. "பூனை மாதிரிதான் உறுமும்."

"பூனையும் வேணாம். சத்தமே போடாதது இருக்கா தம்பி?"

பாசில் கைப்பிடி வைத்த ஒரு பெட்டியைத் தூக்கி வந்தான். "பேட்டரி அங்கிள். வீட்டுல சார்ஜ் போட்டு எடுத்துட்டுப் போகலாம். லைட்டு, ஃபேன், போன் எல்லாம் ஓகே. எயர்கோன், பெரிய ஸ்பீக்கர் மாட்டினீங்கன்னா மட்டும் சீக்கிரம் படுத்துரும்."

"ஸ்பீக்கர் வேணாம். மைக்கும் வேணாம்."

"ப்பா! அதெல்லாம் இல்லாம எப்படிப்பா ஷோ?"

"வாயாலதானே பண்றே? வாயாலயே பண்ணு."

ஷாமினிக்குக் காதில் புகை வந்தது. மூன்று வாரமாய்ப் பழகிய ஷோ! எல்ஆர்டி ரயில் அறிவிப்பு. "வாங்கக்கா, பாத்துட்டுப் போங்கக்கா" என்று கூப்பிடும் மஸ்ஜித் இந்தியா சேலைக் கடைக்காரர். ரோட்டில் நிறுத்தி லைசென்ஸ் கேட்கும் போலீஸ்காரர். கடைசி ஐட்டம், சாட்சாத் அப்பா!

அப்பாவிடம் எதைச் சொன்னாலும் எங்கேயோ நினைப்பாய், "ஆங்? என்னா? என்னா சொன்னே?" என்று மூன்று தடவை கேட்பார். அதே கரகரப்பு, அதே இழுப்பு. வீட்டு விசேஷங்களில் அவள் அதைச் செய்தால் சொந்தமெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். முன்னால் உட்கார்ந்து எல்லாரையும்விடப் பெரிதாய்ச் சிரிப்பவரும் அப்பாதான்.

அந்த அப்பாவே இப்போது ஷோவைக் கெடுக்கிறார். விடலாமா?

பாசில் பெட்டியில் ஒரு ஃபேனை மாட்டி சுவிட்சைத் தட்டினான். "கேளுங்க அங்கிள். ஒரு சத்தம் வருதா?"

ஷாமினி நைசாய் நகர்ந்து கூடார அடுக்குக்குப் பின்னால் போய் நின்றாள். உதட்டை மூடிக்கொண்டாள்.

"ம்ம்ம்ங்ங்ங்ங்..."

பாசிலின் நெற்றி சுருங்கியது. குனிந்து பெட்டியைப் பார்த்தான். சுவிட்சை அணைத்தான்.

"ம்ம்ம்ங்ங்ங்ங்..."

"அல்லா! ஆஃப் பண்ணியும் ஓடுதே!" ஃபேனைப் பிடுங்கினான். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான்.

"ம்ம்ங்ங்... ட்ரிக்... ம்ம்ங்ங்ங்..."

"என்னங்க, தள்ளி வாங்க! வெடிச்சிரப் போவுது!" தனலெட்சுமி வாசலுக்கே போய்விட்டாள்.

விமலன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பெட்டிக்கு ஒண்ணும் இல்ல தம்பி. அது என் மக. ஷாமினி, போதும்மா, வெளிய வா."

சத்தம் பட்டென்று நின்றது. அடுக்குக்கு மேலே ஷாமினியின் முகம் எழுந்தது. கண்டுபிடித்துவிட்டாரா? அப்பாவா?

தனலெட்சுமி வாசலிலிருந்து மெல்லத் திரும்பி வந்தாள். "என்னங்க... இந்தச் சின்ன சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா? நாலு தடவை கூப்பிட்டாலே திரும்ப மாட்டீங்களே!"

விமலன் தொப்பியைக் கழற்றினார். இரண்டு காதுக்குப் பின்னாலும் முந்திரிப் பருப்பு அளவில் ஒரு மெஷின் ஒட்டிக்கொண்டிருந்தது.

"திங்கக்கிழமை மாட்டுனது. மில்லு சத்தத்துல காது போயி நாலு வருஷம் ஆச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பாசில் கவிழ்த்த பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"இதை மாட்டிக்கிட்டு ஜெனரேட்டர் பக்கத்துல நின்னா அந்தச் சத்தம்தான் முன்னால வருது, பேச்சு அமுங்கிப் போவுது. ஸ்பீக்கர் போட்டாலும் ஒரே கொரகொரப்பு. அதான் இந்தப் பெட்டி."

ஷாமினி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். அவள் மிமிக்ரி பண்ண ஆரம்பித்ததே நாலு வருஷத்துக்கு முன்னால்தான்.

"அப்போ... என் மிமிக்ரிக்கெல்லாம் அப்படிச் சிரிச்சீங்களேப்பா?"

"எல்லாரும் சிரிச்சாங்க. உன் மூஞ்சியும் பாக்க அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. நானும் சிரிச்சேன்."

விமலன் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். சின்னப் பிள்ளை மாதிரி முகமெல்லாம் பல்.

"நாளைக்குத்தான் முதல் தடவையா கேக்கப்போறேன்! கடைசியா ஒண்ணு பண்ணுவியே, எல்லாரும் என்னையே பாத்துப் பாத்துச் சிரிப்பாங்களே... அதை முதல்ல பண்ணும்மா. அது யாரு குரலுன்னு எனக்கு இன்னும் தெரியாது."