ஆசிரியர் குறிப்பு

"ஏம்மா கலைமணி, பத்தாவதுல நானூத்தி அறுபத்தொண்ணு எடுத்த புள்ளையக் கக்கூஸ் கழுவ அனுப்பிருக்கீங்களே, எப்படிங்க மனசு வந்துச்சு?"

தோட்டக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டின் வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள் சுசித்ரா. பழனிக்காரி. மலையேறி வந்து பதினாறு வருடமாகத் தொடக்கப் பள்ளி டீச்சர். கோபம் வந்தால் குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

பூண்டின் வேரை அரிந்துகொண்டிருந்த கலைமணி, கத்தியை முறத்தில் போட்டுவிட்டு எழுந்தாள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வந்தது. தேத்தண்ணி வைக்கட்டுமா என்று கேட்டாள்.

சுசித்ரா வேண்டாமென்று தலையாட்டினாள். அவள் தேநீர் குடிக்க வரவில்லை. கலைமணியின் மூத்த மகள் ஜெயப்பிரியாவைப் பள்ளிக்கூடத்துக்கே திரும்பக் கூட்டிப்போக வந்திருந்தாள்.

இந்த மாதிரிப் போன வீட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய பழக்கம் அவளுக்குக் கிடையாது. பஸ்ஸிலேயே இரண்டு பேச்சு தயார் செய்திருந்தாள். முதலில் சட்டம் பேசுவது. அது எடுபடாவிட்டால் கண்கலங்குவது.

பள்ளங்கிப் பக்கம் நல்ல டீச்சர் யார் என்று கேட்டால் அவள் பெயரைத்தான் சொல்வார்கள். தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார வேண்டும் என்று பெரிய மனிதர்களோடு மல்லுக்கு நின்றவள். படிப்பை நிறுத்திய பதினோரு பிள்ளைகளை வீடு வீடாகப் போய் மீட்டவள். போன மாதம்தான் திண்டுக்கல்லில் ஒரு சங்கத்தார் சால்வை போர்த்தி, 'சமத்துவ ஆசிரியர்' என்று கேடயம் கொடுத்தார்கள்.

இதெல்லாம் கடைசி ஐந்து வருடக் கதை. அதற்கு முந்தைய சுசித்ராவைப் பற்றி மேடையில் யாரும் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

ஜெயப்பிரியா அந்த முந்தைய சுசித்ராவிடம் ஐந்தாவது வரை படித்தவள். தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். இப்போது கொடைக்கானலில் ஒரு காட்டேஜில் அறை கூட்டி, கழிவறை கழுவி, மெத்தை விரிக்கிறாள். பிளஸ் ஒன் சேர்க்கை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தே சுசித்ரா கொண்டுவந்திருந்தாள். தாயின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"இந்த வேலையில யாரு சேத்துவிட்டது? பேரச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்."

கலைமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நீங்கதான் டீச்சர். எங்களுக்குப் பெரிய ஆளுக யாரத் தெரியும்? உங்க எழுத்தக் காட்டித்தான் கேட்டேன். மேனேஜர் ஒருவாட்டி வாசிச்சாரு, மறுநாளே வரச் சொல்லிட்டாரு."

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தாள். ரேஷன் கார்டு, ஆதார் கார்டு, அதற்கும் அடியில் ஜெயப்பிரியாவின் ஐந்தாம் வகுப்பு ரேங்க் கார்டு. ஓரம்கூடக் கசங்கவில்லை.

கணக்கில் நூறு. அறிவியலில் தொண்ணூற்றெட்டு. வகுப்பில் முதலிடம்.

அதற்குக் கீழே, 'ஆசிரியர் குறிப்பு' என்று அச்சடித்த இடத்தில், சுசித்ராவின் உருண்டை உருண்டையான கையெழுத்து.

'வகுப்பறையை மிகச் சுத்தமாகப் பெருக்குவாள். சொன்ன வேலையை முகம் சுளிக்காமல் செய்வாள்.'

அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

சுசித்ராவுக்குக் காது மடல் சுட்டது. பாராட்டாக நினைத்துத்தான் அதை எழுதினாள், அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. காலையில் பெருக்குவதற்கு யாரைக் கூப்பிடுவது என்று அந்நாளில் அவள் யோசித்ததே இல்லை. வாய் தானாக லயத்துப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லும். அந்த வருடம் முழுக்க ஜெயப்பிரியாவின் பெயர். அவள் பெருக்கி முடித்துக் கை கழுவி வருவதற்குள் கரும்பலகையில் முதல் கணக்கு முடிந்திருக்கும். இரண்டாவதிலிருந்து பிடித்துக்கொள்வாள். அப்படியும் நூறு.

அதே வகுப்பில், கணக்கில் முப்பத்தைந்தைத் தாண்டாத தோட்ட முதலாளி மகனின் கார்டில், 'முயன்றால் பொறியாளர் ஆகலாம்' என்று எழுதியதும் நினைவுக்கு வந்தது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே பேனாவால்தான் எழுதியிருப்பாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே கூசியது. எழுந்துவிட்டாள். தயார் செய்து வந்த இரண்டு பேச்சில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"நான் தப்பா எழுதிட்டேங்க, கலைமணி" என்று சொல்லி விண்ணப்பத்தை நீட்டினாள்.

பெரிய மனசுக்காரர்கள் இப்படித்தான் தன்னைத் தாழ்த்திப் பேசுவார்கள் என்று கலைமணி நினைத்திருக்க வேண்டும். இருக்கட்டும் டீச்சர் என்று விண்ணப்பத்தை வாங்கி நாற்காலிமேல் வைத்தாள். ரேங்க் கார்டைத்தான் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். உறைக்குள், ஆதாருக்கு அடியில், பழைய இடத்திலேயே செருகினாள்.

பிறகு, கேட்கலாமோ கூடாதோ என்ற தயக்கத்தோடு இளைய மகளின் பேச்சை எடுத்தாள். நாலாவது படிக்கிறவள், சுசித்ராவின் வகுப்பில்தான்.

"அவளுக்கும் இதே மாதிரி ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்க, டீச்சர்."