பத்தாவது ஸ்கோப்

“இதுக்குப் பேரு ஸ்கோப்பாம்மா? மருந்து பாட்டிலோட அடியை வெட்டி ரெண்டு பக்கமும் ஒட்டின மாதிரி இருக்கு!”

மதிப்பீட்டாளர், துப்பாக்கிமேல் பொருத்திக் குறி பார்க்கும் அந்த ஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்து, அதை விற்க வந்திருந்த பெண்ணைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பழைய ஸ்கோப்புகளை வாங்கி விற்கும் அந்தக் கடையில் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. துப்பாக்கி சுடும் போட்டிக்காரர்கள் முப்பது வருடமாக அவரைக் ‘கழுகு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. கல்லாவில் இருந்த அவர் மனைவி மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் அவள் தலை நிமிராமல் பழைய ரசீதுகளைக் குத்தூசியில் கோத்துக்கொண்டிருந்தாள்.

“போட்டியில ஜெயிச்ச ஸ்கோப்புங்க ஐயா. என் தம்பியோடது” என்றாள் வந்தவள்.

“ஜெயிச்சது உங்க தம்பி. இது சும்மா கூடப் போயிருக்கு, கல்யாண வீட்டுக்கு நாய் போன மாதிரி.”

“எதை வச்சு அப்படிச் சொல்றீங்க? கொஞ்சம் விளக்கமா சொல்லுங்களேன்.”

யாராவது விளக்கம் கேட்டுவிட்டால் போதும், கழுகுக்கு இன்னொரு ஜோடி இறக்கை முளைத்துவிடும். ஸ்கோப்பை மேசைமேல் இருந்த தாங்கியில் பூட்டினார். மேலே இருந்த குமிழை விரல் நுனியால் திருகினார். டிக்... டிக்... டிக்...

“கேட்டீங்களா? எல்லா டிக்கும் ஒரே அளவு. ஒண்ணு கூட வழுக்கலை. மேல பத்து, வலது பக்கம் பத்து திருகிட்டு அப்படியே திரும்பி வந்தா, குறி புறப்பட்ட இடத்துலயே வந்து நிக்குது. உள்வேலை ராஜா மாதிரி. கண்ணாடிதான் பிச்சைக்காரன்.”

“கண்ணாடியில என்ன குறை?”

“என்ன குறை இல்லைன்னு கேளுங்க!” ஸ்கோப்பை ஜன்னல் பக்கம் திருப்பி, வலது கண்ணை வைத்தார். “தெருக்கோடியில தண்ணித் தொட்டி இருக்கே, வெள்ளைத் தொட்டி, அது மஞ்சளா தெரியுது. மேல்பூச்சு போயிடுச்சு.”

“அதுல எழுதியிருக்கிறது?”

“எழுத்தா அது? எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. உள்ள ஈரம் புகுந்திருக்கும்.”

“எதிர்க் கடையில ஒரு விளக்கு எரியுதே, அது?”

“சுத்தி வளையம் வளையமா தெரியுது. சாமி படத்துல தலைக்குப் பின்னாடி போட்டிருப்பாங்களே, அந்த மாதிரி. கும்பிடத்தான் ஆகும், குறி பார்க்க ஆகாது.”

அவள் சிரிக்கவில்லை. “இந்த மாதிரி நிறைய வருதுங்களா?”

“அதை ஏம்மா கேக்குறீங்க! நாலஞ்சு மாசமா வர்றதெல்லாம் இந்த லட்சணம்தான். இந்த மாசம் மட்டும் ஒன்பது. ஒன்பதையும் திருப்பி அனுப்பிட்டேன். நேத்து ஒருத்தன் என் பரம்பரையையே இழுத்துத் திட்டிட்டு, பக்கத்துத் தெருக் கடையில கொண்டு போய் வித்துட்டான். கண்ணாடி செய்யறவன் எல்லாருக்கும் ஒட்டுமொத்தமா புத்தி கெட்டுப்போச்சு!”

கல்லாவில் ரசீது கோக்கும் கை ஒரு கணம் நின்று, மறுபடி நகர்ந்தது.

“இடது கண்ணுல ஒருதடவை வச்சுப் பாருங்களேன்” என்றாள் வந்தவள்.

“எதுக்கு? வலதுதான் உத்தியோகம் பார்க்கிற கண்ணு. இடது சும்மா கூட இருக்கு, வேலைவெட்டி இல்லாத மச்சான் மாதிரி.”

“எனக்காக ஐயா.”

முணுமுணுத்துக்கொண்டே கண்ணை மாற்றி வைத்தார்.

“ம்... எழுத்து தெரியுது. வெயில் வந்துடுச்சு போல.”

வெளியே காலையிலிருந்து மூடிய மேகம் மூடியபடியேதான் இருந்தது.

“அப்போ என்ன விலை தருவீங்க?”

“முகத்துக்கு நேரா சொல்றேனேன்னு வருத்தப்படாதீங்க. புது விலையில கால்வாசி. அதுவும் அந்த டிக் சத்தத்துக்காக. கண்ணாடிக்குச் சல்லிக்காசு தரமாட்டேன்.”

இந்த இடத்தில் வழக்கமாக எல்லாரும் குரலை உயர்த்துவார்கள். இவளோ கைப்பையைத் திறந்து, பேனா அளவில் ஒரு டார்ச்சை எடுத்தாள்.

“உள்ள வெளிச்சம் அடிச்சு நானும் ஒருதடவை பார்த்துடறேனே?”

“தாராளமா பாருங்க! பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கும். அப்புறமாவது நம்புவீங்க.”

அவள் மேசைமேல் சாய்ந்தாள். ஸ்கோப்பைத் தாண்டி வந்த வெளிச்சம் நேராக அவருடைய வலது கண்ணில் விழுந்தது.

“என்னம்மா இது, என் கண்ணுல அடிக்கிறீங்க!”

“அசையாதீங்க ஐயா.” குனிந்து கூர்ந்து பார்த்தவள், டார்ச்சை அணைத்தாள். “நீங்க சொன்னது சரிதான். பஞ்சு அடைச்ச மாதிரியேதான் இருக்கு.”

குத்தூசியைக் கீழே வைத்துவிட்டு, மனைவி முதல் தடவையாக நிமிர்ந்தாள்.

“ஆபரேஷனை எந்தத் தேதிக்கு வச்சுக்கலாம், டாக்டர்?”