பாதிக்கோடு

மூன்று மணிக்குள் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பாதிக்கோடுகளை மூடியாக வேண்டும்.

எங்கள் இணையதளத்தில் ஜனங்கள் தங்கள் குடும்ப மரத்தை வரைகிறார்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே ஒரு கோடு. அது இரண்டு இடத்தில் பதிவாகும். அண்ணன் பக்கம் பிராட்டிஸ்லாவா சர்வரில், தங்கை பக்கம் இங்கே கோஷிட்சேயில். யாராவது உறவை நீக்கினால் நாங்கள் கோட்டை அழிப்பதில்லை. தேதி போட்டு மூடி வைப்போம். அந்தச் சேதி சில சமயம் மறுபக்கத்துக்குப் போய்ச் சேராது. ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் திறந்தே கிடக்கும்.

ஒரு பக்கம் மூடியிருந்தால் மறுபக்கத்தையும் மூடு. இந்த விதியை எழுதிய புண்ணியவதி நான்தான். அந்த வேலை முடிந்ததும், யார் எப்போது மூடினார்கள் என்ற பழைய பதிவுகள் மொத்தத்தையும் கழித்துவிடுவோம். இடம் போதவில்லை.

வாரம் முழுக்க இதே வேலை. கண் எரிந்தது. மத்தியானம் குடித்த பீன்ஸ் சூப் நெஞ்சிலேயே நின்றது.

"ஒரு பொத்தானை அமுக்க நல்ல நேரம் பாக்குறியா?" பக்கத்து மேசையிலிருந்து இம்ரிக் கேட்டான்.

பட்டியலைக் கடைசியாக ஒருமுறை உருட்டினேன். நடுவில் வெண்டெலீன் என்று இருந்தது. என் அண்ணன். எதிரே என் பெயர், ஸ்லாட்டிகா.

ஆறு வருஷத்துக்கு முன்பு, அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதில் எங்களுக்குள் பெரிய சண்டை. அன்று கோபத்தில் என்னென்ன செய்தேன் என்று இன்றும் நினைவில்லை. மறுநாள் என் மரத்தில் அவன் பெயர் இல்லை. என்னை அறுத்துவிட்டான் என்று எல்லாரிடமும் சொன்னேன். சாகும்வரை அம்மாவிடமும் அதையே சொன்னேன். அவள் அடக்கத்தன்று பேச வந்தவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவன் பக்கத்தில் கோடு திறந்தே இருந்தது.

அதன் கீழே ஆறு வாழ்த்துகள். இங்கே காலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர் உண்டு; என் பெயர் வரும் நாளில், வருஷத்துக்கு ஒன்றாக அனுப்பியிருக்கிறான். என் பக்கம் மூடியிருந்ததால் ஒன்றுகூட எனக்கு வரவில்லை.

கடைசியாக எழுதியது: 'கழுத வயசாச்சு, இன்னும் உனக்கு ரோஷம் போகலையா ஸ்லாட்டி? சரி, நல்லா இரு.'

இம்ரிக் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றான். "உன் அண்ணனா? அவரு பக்கம் தொறந்துதானே இருக்கு. அப்புறம் யாரு மூடினது?"

அதுவும் பதிவில் இருக்கும். இம்ரிக் காப்பி எடுக்கப் போகும்வரை காத்திருந்து, கணினியில் அந்தக் கேள்வியைத் தட்டினேன். ஒரே வரி வந்தது. படித்துவிட்டு அதைத் திரையிலிருந்து எடுத்துவிட்டேன்.

"மெஷின்தான்," என்றேன் அவன் திரும்பி வந்ததும். "எங்கேயோ கோளாறு."

"அடப்பாவமே. ஆறு வருஷமாவா?"

வெட்கமாக இருந்தது. அதைவிட அசதியாக இருந்தது. அந்த ஒரு கோட்டைப் பட்டியலிலிருந்து எடுத்து, என் பக்கத்தைத் திறந்தேன். கையால் திறந்தால் காரணம் எழுதாமல் மெஷின் விடாது. 'இயந்திரக் கோளாறு' என்று எழுதினேன். மீதி நாலாயிரத்து நூற்றுப் பதினொன்றுக்கும் பொத்தானை அமுக்கினேன்.

மூன்று மணிக்குப் பழைய பதிவுகள் ஒவ்வொன்றாகக் கழிய ஆரம்பித்தன. அதில் அழிந்துபோக வேண்டும் என்று நான் காத்திருந்தது ஒரே வரிக்குத்தான்.

'மூடியவர்: ஸ்லாட்டிகா.' சண்டை நடந்த அன்று மாலை, ஆறு நாற்பது.